கிருமியே இல்லை, வெள்ளை அணு மட்டும் ஏன் ஏறுகிறது? கடுமையான கணைய அழற்சி பற்றி ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு வீட்டினருக்கும் பயன்படும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருக்கும் உங்கள் சித்தப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மேல் வயிற்று வலியோடு கரை திரும்பினார். வாய்வு என்று நினைத்து இரண்டு நாள் ஓமத் தண்ணீரிலும் மெடிக்கலில் வாங்கிய அல்சர் மாத்திரையிலும் போயிற்று. மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். கணைய அழற்சி, அதுவும் கடுமையான வகை என்று சொல்லி ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். வெள்ளை அணு 19,000. ஆனால் கிருமித் தொற்று எதுவும் தெரியவில்லை, ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம் என்கிறார் டாக்டர். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது. முக்கியமாக நீங்கள் கேட்பது இரண்டு. கிருமி இல்லாதபோது வெள்ளை அணுக்கள் எதற்காக இப்படிப் பெருகின? அவைதான் கெடுதல் செய்கின்றன என்றால் அவற்றை அடக்க ஏன் மருந்து கொடுக்கவில்லை? கடைசியில், எதிர்ப்பு சக்தி கூட்டும் பவுடர், கஷாயம் ஏதாவது கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். கணையத்தில் முதல் காயத்தை உண்டாக்குவது அதன் சொந்தச் செரிமான நொதிகள் (என்சைம்கள்). அந்தக் காயம் ஒரு வாரத்தில் ஆறிப்போகுமா, ஆளையே சாய்த்துவிடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அங்கே வந்து குவியும் எதிர்ப்பு அணுக்கள், அதாவது வெள்ளை அணுக்களும் அவற்றின் வகைகளும் (அணு என்று நான் சொல்வதெல்லாம் உடலின் செல்). முதல் வாரத்தில் அளவு மீறிக் கெடுக்கும் அதே அணுக்கள் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அவர் உயிரைக் காக்கத் தேவைப்படும். அடக்கும் மருந்து இன்னும் கைக்கு வராததற்குக் காரணம் இந்த இரட்டைத் தன்மைதான். இனி விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் விலங்கியல் படிக்கிறவர் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் ஆழமாகவே போகிறேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு சுரப்பி. எடை 100 கிராம் அளவுதான், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீரைச் சுரக்கிறது. புரதத்தை அறுக்கும் ட்ரிப்சின் அங்கே வேலை செய்யாத வடிவத்தில், ட்ரிப்சினோஜனாகத்தான் இருக்கும். சிறுகுடலுக்குப் போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். பித்தக்கல் வழியை அடைத்தாலோ, குடியாலோ, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1,000 தாண்டினாலோ, இன்னும் சில காரணங்களாலோ, அது கணைய அணுவுக்குள்ளேயே விழித்துவிடுகிறது. கணையம் தன்னைத்தானே செரிக்கிறது என்று 1896-லேயே சொன்னவர் ஹான்ஸ் கியாரி என்ற நோயியலாளர். அதன் பிறகு ரொம்ப காலம் மருத்துவ உலகம் இந்த நொதியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. நொதியைத் தடுக்கும் மருந்துகளும் வந்தன. ஆனால் கடுமையான நோயாளிகளுக்கு அவற்றால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது நொதியின் ஆட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அடுத்த கட்டம் தொடங்கியிருக்கும்.

அந்த அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய பரிசோதனை உதவும். 1882-ல் சிசிலித் தீவின் மெசினா என்ற கடற்கரை ஊரில் இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் நட்சத்திர மீனின் இளம் பருவ உயிரிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரியும் உயிரிகள் அவை. ரோஜாச் செடியின் முட்களைக் கொண்டுவந்து அவற்றின் உடலில் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்து நின்றன. நம் பக்கம் வலையில் வேண்டாததாக வந்து கரையில் உதறப்படும் அதே நட்சத்திர மீன்தான். எதிர்ப்பு அணுக்கள் பற்றிய அறிவியலின் ஒரு பெரிய வாசல் அங்கேதான் திறந்தது. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணுக்களைக் கூட்டிவந்தது முள்ளும் அது உண்டாக்கிய காயமும்தான். அதற்குக் கிருமி அவசியமில்லை.

ஆனாலும் பிற்காலத்தில் எதிர்ப்பு அணு என்றாலே கிருமியோடு மோதுவது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 1994-ல் பாலி மாட்சிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை மாற்றிப் பேசினார். நம் எதிர்ப்பு அமைப்பு அந்நியன் யார் என்பதைவிட ஆபத்து எங்கே என்பதைத்தான் தேடுகிறது என்றார். முறையற்று உடைந்து சாகும் நம்முடைய சொந்த அணுவே ஆபத்து அறிவிப்பை வெளியே கொட்டுகிறது. அணுவுக்குள் மட்டும் இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே கிடந்தால் அதுவே அறிவிப்பு. அணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, டிஎன்ஏ, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள், எச்எம்ஜிபி1 என்ற புரதம், எல்லாம் அந்த வகை. இதில், அணுவுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் கதை எனக்கு எப்போதும் வியப்பு. அது ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்து பிறகு அணுவுக்குள் குடியேறியது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் டிஎன்ஏ இன்றும் பாக்டீரியா ஜாடையில்தான் இருக்கிறது. கணைய அணு உடைந்து அது ரத்தத்தில் கலந்தால், வெள்ளை அணுவின் உணர்விகள் அதைப் பாக்டீரியா வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். காய்ச்சல் வரும், நாடி எகிறும், வெள்ளை அணு ஏறும். பார்ப்பதற்குக் கிருமித் தொற்று போலவே இருக்கும். உங்கள் சித்தப்பாவின் 19,000 இப்படி வந்ததுதான்.

சரி, அந்த லேப் காகிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். மொத்த வெள்ளை அணுவுக்குக் கீழே பிரிவு எண்ணிக்கை இருக்கும். நியூட்ரோஃபில் அல்லது பாலிமார்ஃப் என்று ஒரு வரி, லிம்போசைட் என்று ஒரு வரி. சாதாரணமாக நியூட்ரோஃபில் 40 முதல் 75 சதவீதம், லிம்போசைட் 20 முதல் 40 சதவீதம் இருக்கும். கடுமையான கணைய அழற்சியில் முதல் வரி 90-ஐத் தொடலாம், இரண்டாவது வரி 10-க்கும் கீழே இறங்கலாம். ஏறியதைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். இறங்கியதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டும் முக்கியம். இறங்கியதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நியூட்ரோஃபில் நம் எலும்பு மஜ்ஜையில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி உற்பத்தியாகிறது. குறுகிய ஆயுள். காயம் நடந்த இடத்துக்கு முதலில் பெருங்கூட்டமாக வருவது இதுதான். கணைய அணுக்கள் காயப்பட்ட சில மணி நேரத்திலேயே ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி, நுழைந்து, கணையத் திசுவுக்குள் வந்துவிடும். கையில் மூன்று வகை ஆயுதம் வைத்திருக்கிறது. ஒன்று, எலாஸ்டேஸ் போன்ற நொதிகள். இவை கிருமியை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை. அக்கம்பக்கத்துத் திசுவையும் கரைக்கும். இரண்டு, ஆக்சிஜனிலிருந்து உருவாக்கும் வீரியமான வேதிப்பொருள்கள். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. இந்த வேதிப்பொருள்கள் கணைய அணுவுக்குள் இன்னும் உறங்கிக் கிடக்கும் ட்ரிப்சினோஜனையும் விழிக்க வைக்க உதவுகின்றன என்று விலங்கு ஆய்வுகளில் தெரிந்தது. நொதி அணுவைக் கூப்பிட்டது, வந்த அணு மேலும் நொதியை எழுப்புகிறது. நியூட்ரோஃபில்களை முன்கூட்டியே நீக்கிய எலிகளுக்குக் கணையச் சேதமும் நுரையீரல் சேதமும் குறைவாகவே வந்தன.

மூன்றாவது ஆயுதம் 2004-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பெர்லினில் ஆர்துரோ சிக்லின்ஸ்கியின் ஆய்வுக் குழு கண்டது இது: நியூட்ரோஃபில் தன் சொந்த டிஎன்ஏவையே அவிழ்த்து, நொதிகளைத் தடவி, வெளியே வலையாக வீசுகிறது. பெரும்பாலும் அந்த வீச்சோடு அது செத்துப்போகும். பாக்டீரியா அந்த வலையில் சிக்கிக்கொள்ளும். ஆனால் கணையத்தில் பிடிபடக் கிருமி இல்லையே. அறுந்துபோன நைலான் வலை மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையில் மாட்டிக்கொண்டு, படகும் ஆளும் இல்லாமலேயே மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்குமே, அதுபோல வீசிய அணு செத்த பிறகும் இந்த வலை வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன்கள் கணைய அணுவைக் குத்திச் சாகடிக்கும். ட்ரிப்சின் விழிப்பையும் தூண்டும் என்று 2015-ல் எலிகளில் காட்டினார்கள். 2016-ல் இன்னொரு ஆய்வு வந்தது. இந்த வலைகள் திரண்டு உருண்டு கணையத்தின் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடுகின்றன; குழாய் அடைத்தால் நீர் தேங்கும், மறுபடி அழற்சி. கல்லே இல்லாமல் அணுக்களின் மிச்சமே அடைப்பாக மாறுவதை அந்த ஆய்வு காட்டியது. கணைய அழற்சி பற்றி நான் படித்தவற்றில் என் மனசில் ஆழமாகப் பதிந்தது இது.

அடுத்து மேக்ரோஃபேஜ். நியூட்ரோஃபில் அளவுக்கு எண்ணிக்கை இல்லை, ஆனால் போக்கைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். கொஞ்சம் மேக்ரோஃபேஜ்கள் கணையத்திலேயே குடியிருப்பவை. மீதி, ரத்தத்தில் மோனோசைட்டாக ஓடி, காயம் பட்ட இடத்தில் இறங்கி மேக்ரோஃபேஜாக மாறுபவை. இவற்றின் வேலை செத்த அணுவின் மிச்சங்களை விழுங்குவது. கணையத்தில் அந்த மிச்சத்தோடு ட்ரிப்சினோஜன் நிரம்பிய பைகளும் உள்ளே போகின்றன. மேக்ரோஃபேஜின் செரிமான அறையில் கதெப்சின் பி என்ற நொதி இருக்கிறது, அது ட்ரிப்சினோஜனை ட்ரிப்சினாக மாற்றிவிடுகிறது. 2018-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை எலிகளில் காட்டினார்கள். அதுவரை ட்ரிப்சின் என்றால் கணைய அணுவின் பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சுத்தம் செய்ய வந்த அணுவின் வயிற்றுக்குள்ளும் அது விழிக்கிறது, விழித்ததும் அந்த அணு வெறிகொண்டதுபோல டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 என்று அழற்சிச் செய்திகளை ரத்தத்தில் கொட்டுகிறது.

உள்ளூர்ச் சண்டை ஊர்ச் சண்டையாவது இந்த இடத்தில்தான். இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்தால் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைச் செய்யத் தொடங்கும். 48 மணி நேரத்தில் அது 150 தாண்டினால் கடுமையாகலாம் என்று டாக்டர்கள் உஷாராவார்கள். உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்சுவர் இளகும். குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே கசியும். வெளியே நீர் தேங்கி உடம்பு ஊதும், உள்ளே ரத்தம் கெட்டியாகி அளவு குறையும். சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் போதாது, அதனால்தான் சிறுநீர் குறைந்தது. நுரையீரலுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. தூண்டப்பட்ட நியூட்ரோஃபில்கள் நுரையீரலின் மெல்லிய தந்துகிகளில் சிக்கித் தேங்கும். அங்கேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களும் விழித்துக்கொள்ளும். காற்றறைச் சுவர் கசியத் தொடங்கும். எக்ஸ்ரேயில் வெள்ளை மூட்டம் தெரிவது இதனால்தான். உங்கள் சித்தப்பாவின் நுரையீரலில் நிமோனியாக் கிருமி வந்து இது நடந்திருக்க வேண்டியதில்லை.

கொழுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணையத்தின் லிப்பேஸ் நொதி சுற்றியுள்ள வயிற்றுக் கொழுப்பை உடைக்கும்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் எதிர்ப்பு அணுக்களை மேலும் கிளறுகின்றன, நேரடியாகவும் நஞ்சாகின்றன. கால்சியம் அவற்றோடு சேர்ந்து படிந்துவிடுவதால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். தொப்பை பெரிதாக உள்ளவர்களுக்கு இந்த நோய் கடுமையாவதற்கு இது ஒரு காரணம்.

ஐந்தில் நான்கு பேருக்கு இதெல்லாம் பெரிதாகாமல், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதையும் செய்வது இதே அணுக்கள்தான். மேக்ரோஃபேஜ்கள் குணம் மாறி, குப்பையை அள்ளி, அழற்சியைத் தணித்து, திசு வளரத் துணை செய்கின்றன. இந்த நோயின் கடுமையைப் பிரித்துச் சொல்லும், 2012-ல் திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டின்படி, நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் "கடுமையான வகை" என்று பெயர். உங்கள் சித்தப்பா அதில் வருகிறார் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன், இது உயிருக்கு ஆபத்தான கட்டம்தான். கவனமாகப் பார்த்துக்கொண்டால் மீண்டு வருகிறவர்களே அதிகம் என்பதும் உண்மை.

இப்போது அந்த இரண்டாவது வரி, இறங்கிய லிம்போசைட். அழற்சி இந்த அளவுக்கு ஏறும்போது உடம்பு தன்னைத் தானே பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இன்டர்லூக்கின்-10 போன்ற தணிக்கும் செய்திகள் கூடும். லிம்போசைட்டுகளில் பல தாமாகச் செத்துப்போகும். மோனோசைட்டின் மேற்பரப்பில் எச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூறு இருக்கும், பிடித்த கிருமியின் துண்டை மற்ற அணுக்களுக்குக் காட்ட உதவுவது அது. அது குறைந்துவிடும். மோனோசைட் இருக்கும், ஆனால் கிருமியை அடையாளம் காட்டும் திறன் மங்கியிருக்கும். முன்பெல்லாம் முதல் வாரம் அழற்சி, அடுத்த வாரம் தளர்ச்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் இரண்டும் முதல் சில நாட்களிலேயே பக்கத்தில் பக்கத்தில் தொடங்கிவிடுகின்றன. இது மருந்து விஷயத்தில் எவ்வளவு பெரிய சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயத்தில் குடலுக்கும் ரத்தம் குறைந்திருக்கும். குடல் சுவர் பலவீனப்படும். உள்ளே வாழும் ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் சுவரைத் தாண்டி, செத்துக் கிடக்கும் கணையத் திசுவில் போய்க் குடியேறும். செத்த திசுவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, எதிர்ப்பு அணுக்களும் தளர்ந்திருக்கின்றன. கணையத் திசு அழுகிய நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படித் தொற்று வருகிறது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு. உங்கள் டாக்டர் இப்போது ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பது அலட்சியம் இல்லை. தொற்று வருவதற்கு முன்பே தடுப்பாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. சும்மா கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமியும் பூஞ்சையும்தான் பிறகு வந்து உட்காரும். இரண்டாம் வாரத்தில் புதிதாகக் காய்ச்சல் ஏறினாலோ, தேறி வந்தவர் மறுபடி சரிந்தாலோ, ஸ்கேனில் செத்த திசுவுக்குள் காற்றுக் குமிழ் தெரிந்தாலோ, அப்போது அதே டாக்டர் ஆன்டிபயாடிக் தொடங்குவார். அந்த மாற்றத்தைப் பார்த்து "அன்றைக்கே கொடுத்திருக்கலாமே" என்று மனசு சஞ்சலப்பட வேண்டாம்.

இனி அடக்கும் மருந்து. முயற்சி செய்யாமல் இல்லை. அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைத் தடுக்கும் லெக்சிபஃபான்ட் என்ற மருந்து விலங்குகளில் நல்ல பலன் காட்டியது. 290 பேரிடம் பிரிட்டனில் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2001-ல் வந்தது. உறுப்புச் செயலிழப்பை அது குறைக்கவில்லை. மறுபக்கமாக, தளர்ந்த எதிர்ப்பைத் தூக்கி நிறுத்தவும் முயன்றார்கள். தைமோசின் ஆல்ஃபா 1 என்ற மருந்தைச் சீனாவில் 508 பேரிடம் சோதித்தார்கள். செத்த திசுவில் தொற்று வருவது குறையவில்லை. டிஎன்எஃப் ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் தருவது, அதையும் கணைய அழற்சிக்குச் சோதிக்கும் பரிசோதனை பிரிட்டனில் தொடங்கப்பட்டது. ஸ்டீராய்டு வழக்கமான சிகிச்சையில் இடம்பெறவில்லை.

எலிக்குப் பலிப்பது மனிதனுக்கு ஏன் பலிக்கவில்லை என்றால், பெரும் பகுதி நேரம்தான் காரணம். ஆய்வகத்தில் அழற்சியைத் தூண்டுவதற்கு முன்போ தூண்டிய உடனேயோ மருந்து கொடுக்கிறார்கள். நம் கடற்கரையில் வலி தொடங்கும்போது ஆள் படகில் இருப்பார். கரை சேர மறுநாள் ஆகும். சேர்ந்த பிறகும் சோடா, ஓமம், மாத்திரை என்று ஒரு நாளோ இரண்டு நாளோ போகும். அதற்குள் நியூட்ரோஃபில் வந்து, வலை வீசி, செத்தும் போயிருக்கும். தணிப்புக் கட்டமும் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அடக்கும் மருந்தைக் கொடுத்தால் ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருக்கும் எதிர்ப்பை இன்னும் தளர்த்துவதாகிவிடலாம். இதற்கு எதிர்ச்சாட்சியாக ஒரு இடம் உண்டு. பித்தநாளத்துக்குள் எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் ஈஆர்சிபி சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கணைய அழற்சி வரும். அதை முன்கூட்டியே எதிர்பார்த்து ஆசனவாய் வழியாக இன்டோமெதசின் வைத்தால் அழற்சி வருவது குறைகிறது என்று 2012-ல் நிரூபித்தார்கள். மலிவான, பழைய மருந்து. அழற்சி தொடங்கும் தருணம் முன்பே தெரிந்திருப்பதால்தான் அங்கே அது பலிக்கிறது.

நல்லெண்ணத்தில் கொடுத்தது கெடுதலாகப் போன கதையும் இருக்கிறது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் கேள்வியின் கடைசியில் எதிர்ப்பு சக்தி கூட்டும் பவுடர், கஷாயம் ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெதர்லாந்தில் நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் செலுத்தினால் தொற்று குறையும் என்று நம்பி, 296 பேரிடம் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. தொற்று குறையவில்லை. பாக்டீரியா பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். பெறாத 144 பேரில் 9 பேர். ரத்தம் குறைந்து நலிந்திருக்கும் குடல் தயிரில் இருக்கும் வகைப் பாக்டீரியாவைக்கூடத் தாங்கவில்லை. ஐசியூவில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். எதிர்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த நோயில் எந்த நாளில் என்பதைப் பொறுத்தது. அதை வெளியிலிருந்து யூகித்துச் செய்ய முடியாது.

அப்படியானால் ஐசியூவில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். எதிர்ப்பு அணுக்களின் கலவரம் ஓயும்வரை உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். நரம்பு வழி திரவம் அளவோடு கொடுப்பார்கள். முன்பு லிட்டர் லிட்டராக ஏற்றுவோம். 2022-ல் வந்த ஒரு பரிசோதனையில் வேகமாக நிறைய ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிகுந்துபோனது, அளவாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். அதனால் "பாட்டில் குறைவாகப் போடுகிறார்களே" என்று நர்ஸம்மாவிடம் சண்டை வேண்டாம். மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சீக்கிரமே உணவு செலுத்துவார்கள். கணையத்துக்கு ஓய்வு என்று பட்டினி போட்ட காலம் மலையேறிவிட்டது. குடலுக்கு உணவு போனால்தான் அதன் சுவர் உறுதியாக இருக்கும், பாக்டீரியா தாண்டுவது குறையும். அப்புறம் வலிக்கு மருந்து, ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், டயாலிசிஸ். தொற்று வந்தாலும் உடனே வயிற்றைத் திறப்பதில்லை. முடிந்தவரை நான்கு வாரம் ஓட்டுவார்கள். அதற்குள் மேக்ரோஃபேஜ்களும் நார் உண்டாக்கும் அணுக்களும் சேர்ந்து செத்த திசுவைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிவிடும். பிறகு சின்னத் துளை வழியாகவோ எண்டோஸ்கோப் வழியாகவோ வடிப்பது பாதுகாப்பு. அந்தச் சுவர் கட்டும் வேலையை எந்த மருந்தும் செய்யாது, அவருடைய அணுக்கள்தான் செய்ய வேண்டும். முதலில் கேட்ட "ஏன் அடக்கக் கூடாது" என்பதற்கு என்னால் தர முடிந்த மிக நேரடியான பதிலும் இதுதான்.

நம் பக்கத்து மக்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். தொப்புளுக்கு மேலே திடீரென்று பிடித்து, முதுகுக்கு ஊடுருவி, மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைந்து, வாந்தியும் சேர்ந்துகொண்டால் அதை வாய்வு என்று விட்டுவிடாதீர்கள். மாரடைப்பும் மேல் வயிற்று வலியாக வரும், அதனால் ஈசிஜியும் அவசியம். கணைய நொதிகளான அமைலேஸ், லிப்பேஸ் ரத்தப் பரிசோதனைக்கு இப்போது மதுரைவரை ஓட வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. கடலில் இருக்கும்போது வலி வந்தால், மீன்பாடு முடியட்டும் என்று காத்திருக்காமல் படகைத் திருப்புங்கள். கூட இருப்பவர்கள் இதைச் சொல்ல வேண்டும். வலியில் இருக்கிறவர் சொல்ல மாட்டார், ஒரு நாள் டீசல் செலவு அவர் வாயைக் கட்டிவிடும்.

தினமும் டாக்டரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: ஆக்சிஜன் தேவை நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, சிறுநீர் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு. வெள்ளை அணு எண்ணிக்கையை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டு தவிக்க வேண்டாம். அது மெதுவாகத்தான் இறங்கும். லிம்போசைட் வரி மேலே வர ஆரம்பித்தால் நல்ல அறிகுறி.

சித்தப்பா தேறி வார்டுக்கு வந்த பிறகு காரணத்தைத் தேடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன், ட்ரைகிளிசரைடு, கால்சியம் மூன்றும் பார்த்தாக வேண்டும். கல் இருந்தால், வீக்கமும் நீர்க்கோப்பும் வடிந்த பிறகு பித்தப்பையை எடுக்கத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். குடி காரணம் என்றால் ஒரு சொட்டும் கூடாது. வீட்டில் திட்டி நிறுத்த முடியாது, ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் அதற்கென்றே சிகிச்சை உண்டு, சேர்த்துவிடுங்கள். சில மாதம் கழித்துச் சர்க்கரையும் பார்க்க வேண்டும், கணையம் நிறைய அழிந்திருந்தால் சர்க்கரை நோய் வரலாம். சோறு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் நொதி மாத்திரை தருவார்கள், சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும்.